எகிப்தின் கடவுள்களும் கோயில் களஞ்சியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் பழைய எகிப்தைப் பற்றிப் பேசப் போனால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சில யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்பவை, சில என்னையே யோசிக்க வைத்தவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

பிரமிடு, துட்டன்காமுன், கிளியோபாட்ரா எல்லாம் ஒரே காலம்தானே?

இல்லை. மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒரே அரசின் கீழ் வந்தது கி.மு. 3100 வாக்கில். கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் எழுந்தது. துட்டன்காமுன் அதற்குப் பிறகு 1200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தவர். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30இல். அவருக்கே அந்தப் பிரமிடு 2500 ஆண்டுப் பழசு.

அதனால் "எகிப்தியர்கள் இப்படி நம்பினார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த நூற்றாண்டில் என்று கேளுங்கள். நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி கி.மு. 1550 முதல் 1070 வரையிலான புதிய அரசுக் காலத்தைப் பற்றியது. சாதாரண ஜனங்கள் பேசியதும் சண்டை போட்டதும் எழுத்தில் அதிகம் கிடைப்பது அப்போதுதான்.

மனுஷ உடம்பு, மிருகத் தலை. சாமி நிஜமாவே அப்படித்தான் இருக்கும்னு நம்பினாங்களா?

அப்படி நம்பியிருந்தால் ஒரே கடவுளை மூன்று விதமாக வரைந்திருக்க மாட்டார்கள். எழுத்துக்கும் கணக்குக்கும் உரிய தோத் ஓரிடத்தில் அரிவாள் மூக்கன் பறவை, இன்னோரிடத்தில் பபூன் குரங்கு, வேறோரிடத்தில் பறவைத் தலையுடைய மனிதன். ஹாதோர் பசுவாகவும் வருவாள், பசுக் காது வைத்த பெண்ணாகவும் வருவாள், கொம்புக்கு நடுவே சூரிய வட்டம் சுமந்த பெண்ணாகவும் வருவாள். யார் இவர், என்ன செய்பவர் என்று பார்த்தவுடன் தெரிவதற்குத்தான் அந்தத் தலை. தீப்ஸ் நகரின் பெரிய கடவுளான ஆமுனின் உண்மை உருவம் தேவர்களுக்கே தெரியாது என்று பாடும் துதிகளும் உண்டு.

மிருகத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் காரணம் இருக்கிறது. பாலைவன ஓரத்து இடுகாட்டில் நரிகள் திரிந்தன. பிணத்தைத் தோண்டக்கூடிய அந்த மிருகத்தையே பிணத்துக்குக் காவலாக்கினார்கள், அதுதான் அனுபிஸ். நரி கறுப்பாக இருக்காது, ஆனால் அனுபிஸைக் கறுப்பாகத்தான் தீட்டினார்கள். நைல் கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணின் நிறம் அது. மறுபடி முளைப்பதன் நிறம்.

சரி, அப்போ பூனையைக் கும்பிட்டது?

எல்லாப் பூனையையும் கும்பிடவில்லை. மெம்ஃபிஸ் நகரில் ஆபிஸ் என்ற காளையைத் தெய்வமாக வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே காளைதான், அதற்கென்று அங்க அடையாளங்கள் உண்டு. அது செத்தால் ராஜ மரியாதையோடு அடக்கம், பிறகு அடுத்ததைத் தேடுவார்கள். 1851இல் ஓகுஸ்த் மரியெத் சக்காராவில் கண்டுபிடித்த நிலத்தடிக் காளைக் கல்லறையில் ஒவ்வொரு கல்பெட்டியும் பல பத்து டன் எடை.

பூனை விஷயம் வேறு. கடைசி நூற்றாண்டுகளில் பாஸ்டெட் தேவிக்கு நேர்ந்துகொண்டவர்கள் பூனை மம்மி வாங்கிக் காணிக்கை வைத்தார்கள். அதற்காகவே பூனைகளை வளர்த்து, குட்டியிலேயே கழுத்தைத் திருகினார்கள் என்பதை எலும்புகள் காட்டுகின்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 800க்கும் மேற்பட்ட மிருக மம்மிகளை ஸ்கேன் செய்து 2015இல் முடிவைச் சொன்னார்கள்: ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குள் மிருகமே இல்லை, சேறும் குச்சியும் நாணலும்தான். ஏமாற்று வேலையா, இல்லை துணி சுற்றி மந்திரம் சொன்னாலே போதும் என்று நினைத்தார்களா என்று இன்னும் வாதம் நடக்கிறது. தேவை கூடிப்போய்ச் சரக்குக் குறைந்த கதை என்றே எனக்குப் படுகிறது.

எந்நேரமும் சாவைப் பத்தியே நினைச்சிட்டிருந்தவங்களா இவங்க?

நமக்குக் கிடைத்தது அப்படி. கல்லறைகளைக் காய்ந்த பாலைவனத்தில் கல்லில் கட்டினார்கள், அவை நின்றன. வீடுகளை ஆற்றோரம் பச்சை மண் செங்கல்லில் கட்டினார்கள், வெள்ளமும் உழவும் அவற்றைக் கரைத்துவிட்டன. தப்பிப் பிழைத்த சில வீடுகளில் பார்த்தால், குடும்பத்தைக் காக்கும் குள்ளத் தெய்வம் பெஸ், பிள்ளைப்பேற்றுக்கு உதவும் நீர்யானை வடிவத் தவேரெத் ஆகியோரின் உருவங்கள்தான் அதிகம். பாம்புக்கடி, பிரசவம், ஜுரம் இவைதான் அன்றாடப் பயம்.

கோயிலுக்குள்ள சாதாரண ஜனங்க போகலாமா?

கருவறைக்குள் முடியாது. பெரும்பாலோர் வெளி முற்றத்தைத் தாண்டியதில்லை. உள்ளே தினமும் விடியற்காலையில் பூசாரி முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்து, சிலையைத் துடைத்து, துணி மாற்றி, தைலம் பூசி, உணவு படைப்பார். வெளியே வரும்போது தன் காலடித் தடத்தையும் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, கதவை மறுபடி மூடி முத்திரை வைப்பார். பூசாரிகள் உடம்பு முழுக்க மழித்து, லினன் துணி மட்டும் உடுத்தியவர்கள். ஆனால் பலருக்கு இது முழுநேர வேலை இல்லை. நான்கு அணிகள் மாதத்துக்கு ஒன்றாக முறை மாறும். ஆண்டில் மூன்று மாதம் கோயில், மீதி மாதங்கள் சொந்தப் பிழைப்பு.

ஜனங்களுக்குச் சாமி கிடைப்பது திருவிழாவில். ஓபெத் விழாவில் ஆமுனின் சிலையைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்து, திரை போட்டு மூடி, கர்னாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். மூன்றாம் ராம்செஸ் காலத்தில் அந்த விழா 27 நாள் நடந்தது. நம் ஊர் உற்சவர் புறப்பாடு தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பல்லக்கு போகிற வழியில் குறி கேட்பதும் உண்டு. "என் துணியைத் திருடியவன் இவனா?" என்று கேட்டால், பல்லக்கு முன்னால் வந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. தூக்குகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்பதால் ஊருக்குத் தெரிந்த உண்மை சாமிக்கும் தெரிந்திருக்கும்.

படைச்ச சாப்பாட்டை என்ன செய்வாங்க?

சாமி அதன் சாரத்தை எடுத்துக்கொண்ட பிறகு சின்னச் சன்னதிகளுக்கும் சிலைகளுக்கும் போகும், அப்புறம் பூசாரிகளுக்கும் கோயில் ஆட்களுக்கும் பங்காகும். ரொட்டி, பீர், மாட்டிறைச்சி, வாத்து எல்லாம் சம்பளம் போலத்தான். நாணயம் இல்லாத ஊர் அது. கூலி என்றால் தானியம். எனவே எகிப்தின் மதத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கருவறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பின்பக்கம் போய்க் களஞ்சியத்தையும் பாருங்கள். இரண்டாம் ராம்செஸின் நினைவுக் கோயிலான ராமேசியத்தில் கல் மண்டபத்தைச் சுற்றி மண் செங்கல் வளைவுக் கூரைகளோடு வரிசை வரிசையாக நீளக் கிடங்குகள் இன்றும் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எவ்வளவு சொத்து என்றால், மூன்றாம் ராம்செஸ் இறந்தபோது எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்று இருக்கிறது. நீளம் 41 மீட்டர். அதன் கணக்குப்படி தீப்ஸ் நகர ஆமுன் கோயில்களுக்கு மட்டும் 86,000க்கும் மேற்பட்ட ஆட்கள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள். வயல், தோப்பு, கப்பல், கட்டுமானப் பட்டறை எல்லாம் தனி. ஆமுன் கடவுளாகவும் இருந்தார், நாட்டின் பெரிய பண்ணையாராகவும் இருந்தார்.

பிரமிடை அடிமைங்கதானே கட்டினாங்க?

சாட்டையடி வாங்கிக்கொண்டு கல் இழுக்கும் காட்சி சினிமாவில் பார்த்தது. கிஸாவில் 1990இல் கட்டுமானத் தொழிலாளர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் கல்லறை. எலும்புகளில் முதுகு தேய்ந்ததும் தெரிகிறது, முறிந்த கையைக் கட்டுப்போட்டுச் சரி செய்ததும் தெரிகிறது. அருகில் மார்க் லேனர் குழு தோண்டிய குடியிருப்பில் ரொட்டி அடுப்புகளும் குவியல் குவியலாக மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கிடைத்தன.

இன்னும் நேரடியான சாட்சி 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழுவுக்குக் கிடைத்தது. மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பேடு அது. இன்று தூராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், இன்று படகில் கிளம்பினோம், இன்று கூஃபுவின் பிரமிடுக்கு வந்து சேர்ந்தோம் என்று நாள்வாரியாகப் போகிறது. நமக்குக் கிடைத்த எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் மிகப் பழையது இதுதான்.

அதற்காக எல்லாரும் பக்தியோடு ஓடி வந்தார்கள் என்று எதிர்ப்பக்கமும் சாய வேண்டாம். அரசு ஆள் கேட்டால் ஊர் ஆள் அனுப்பியாக வேண்டும்; மறுக்கும் உரிமை இல்லை. விலைக்கு வாங்கிய அடிமை இல்லை, விரும்பி வந்த கூலியாளும் இல்லை.

கூலி தரலைன்னா என்ன பண்ணுவாங்க? ராஜாதான் சாமியாச்சே?

உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கு. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடையும் கைவினைஞர்கள் தெய்ர் எல்-மெதினா என்ற கிராமத்தில் குடியிருந்தார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி என்று அளவு. அது வரவில்லை. காவல் சுவர்களைத் தாண்டிப்போய் மூன்றாம் துத்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். தவணை தாண்டிப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது, பசிக்கிறது என்றார்கள். மறுநாளும் விடவில்லை, ராமேசியத்துக்கே போனார்கள்; மேலே சொன்ன அதே கிடங்குகள் இருக்கும் இடம். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கு (மன்னருக்கு) எழுதுங்கள் என்றார்கள். ஊர் எழுத்தர் அமெனாக்த் எழுதியதாகக் கருதப்படும் அந்தப் பதிவு இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைக்குப் பாக்கியில் ஒரு பகுதி கிடைத்தது. பிறகும் நின்றுபோய், மறுபடி மறுபடி உட்கார்ந்தார்கள். ராஜா கடவுளா என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. எகிப்திய அறம் 'மாத்' என்ற ஒழுங்கில் நிற்கிறது. தலையில் ஒற்றை இறகு வைத்த பெண் தெய்வம் அவள். வெள்ளம் சரியான நேரத்தில் வருவதும் மாத், கூலி சரியாக அளப்பதும் மாத். அதைக் காப்பதுதான் மன்னரின் தெய்வ வேலை. பாரோவுக்கு எழுதுங்கள் என்று தொழிலாளிகள் சொன்னபோது அவருடைய கடமையைத்தான் ஞாபகப்படுத்தினார்கள்.

ஹோரஸின் கண்ணும் மூளையின் பீனியல் சுரப்பியும் ஒரே வடிவமாமே? வண்டு, சிலுவை மாதிரி இருக்கிறது எல்லாம் என்ன?

அந்தச் சுரப்பிக் கதைக்கு ஒரு எகிப்திய ஆதாரமும் கிடையாது. மம்மி செய்யும்போது மூளையை மூக்கு வழியாக எடுத்துத் தூக்கிப் போட்டவர்கள் அவர்கள்; அறிவு இதயத்தில் இருப்பதாக நினைத்தார்கள். பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கண்ணை அவர் எதிரி சேத் பிடுங்கினார், தோத் அதைக் குணப்படுத்தினார் என்பது புராணம். சிதைந்தது முழுமையானது என்பதால் அது தாயத்தானது.

வண்டு சாண வண்டுதான். உருண்டையை உருட்டிக்கொண்டு போவதையும் உருண்டைக்குள்ளிருந்து குஞ்சு வருவதையும் பார்த்தவர்கள், காலைச் சூரியனைத் தள்ளிக்கொண்டு வரும் கெப்ரி தெய்வத்தை அதில் கண்டார்கள். மேலே வளையம் உள்ள ஆங்க், உயிர் என்பதை எழுதும் எழுத்து. கோயில் சுவரில் கடவுள் அதை மன்னரின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருப்பார், மூச்சு கொடுக்கிறார் என்று அர்த்தம். சின்னங்களில் பெரும்பாலானவை இப்படிப் படிக்கும்படிதான் இருக்கும், ரகசியம் ஒன்றும் இல்லை.

இதயத்தை எடை போட்டுத் தீர்ப்பு சொல்வாங்களே, அப்போ நல்லவனா வாழ்ந்தாத்தான் மோட்சமா?

ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாத்தின் இறகு. அனுபிஸ் தராசைப் பார்க்க, தோத் எழுதிக்கொள்வார். பக்கத்தில் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலுமாக அம்மித் காத்திருக்கும். தேறாத இதயத்தை விழுங்கிவிடும். இறந்தவர் 42 நீதிபதிகள் முன்னால் தான் செய்யாததையெல்லாம் சொல்ல வேண்டும். கொல்லவில்லை, திருடவில்லை என்பதோடு தானிய அளவைக் குறைக்கவில்லை, ஓடும் தண்ணீருக்கு அணை போடவில்லை, கோயில் படையலைக் குறைக்கவில்லை, ஒட்டுக்கேட்கவில்லை என்றும் வரும். நைல் கரையில் எதற்கெல்லாம் சண்டை வந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பட்டியல் இல்லை.

ஆனால் குறுக்கு வழியும் விற்றது. மம்மியின் நெஞ்சில் கல் வண்டு ஒன்றை வைப்பார்கள். எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்தைக் கேட்டுக்கொள்ளும் மந்திரம் அதன் அடியில் வெட்டியிருக்கும். மறுமைக்கான மந்திரங்கள் அடங்கிய, இறந்தோர் நூல் எனப்படும் பாப்பிரஸ் சுருள்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் பெயரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற, ஆனி என்ற எழுத்தரின் சுருளிலேயே பெயர் வேறு கையெழுத்தில் இருக்கிறது.

அப்போ காசில்லாதவங்களுக்கு மறுமையே கிடையாதா?

மம்மி ஆக்க 70 நாள், அதில் 40 நாள் நேட்ரான் உப்பில் உலர்த்த வேண்டும். ஏழை வீட்டில் கட்டுப்படியாகாது. அவர்களுக்குப் பாய் சுற்றி மணலில் குழி. வேடிக்கை என்னவென்றால், சூடான மணல் சில உடல்களைத் தைலமும் துணியும் காத்ததைவிட நன்றாகக் காத்திருக்கிறது.

வசதியானவர்களுக்கு மறுமையிலும் வேலைக்காரர்கள் வேண்டியிருந்தது. முதல் வம்சத்து மன்னர் ஜெர் புதைக்கப்பட்ட அபிதோஸில் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட துணைக் குழிகள் உள்ளன. கொன்று கூடவே அனுப்பப்பட்ட ஊழியர்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அந்த வம்சத்தோடு பழக்கம் நின்றது. பின்னாளில் 'ஷப்தி' என்ற பொம்மைகள் வந்தன. அங்கே வயல் வேலைக்குக் கூப்பிட்டால் இதோ நான் என்று எழுந்துபோக வேண்டியது பொம்மையின் கடமை. துட்டன்காமுன் கல்லறையில் 413: நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒன்றாக 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒன்றாக 12 பெரிய மேஸ்திரிகள். மேஸ்திரி இல்லாத சொர்க்கத்தை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இவ்வளவு நம்பிக்கை இருந்தும் கல்லறையைக் கொள்ளையடிக்க யாருக்குத் தைரியம் வந்துச்சு?

பசித்தவனுக்கு வந்தது, உள்ளே வழி தெரிந்தவனுக்கு வந்தது. கி.மு. 1110 வாக்கில் நடந்த விசாரணைப் பதிவு கிடைத்திருக்கிறது. அமென்பனூஃபெர் என்ற கல்தச்சர் கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் மன்னரின் கல்லறையைக் குடைந்து, மம்மியின் தங்கத்தை உரித்து, பெட்டிகளுக்குத் தீ வைத்து, ஆளுக்கு 20 தெபென் பங்கு எடுத்ததாக வாக்குமூலம் தந்தார். கிலோக் கணக்கில் ஏறக்குறைய 1.8. முதலில் பிடிபட்டபோது தன் பங்கை அப்படியே அதிகாரி ஒருவரிடம் கொடுத்து வெளியே வந்தாராம்; கூட்டாளிகள் மறுபடி பங்கு தந்து ஈடுகட்டினார்கள். வேலைநிறுத்தம் நடந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

துட்டன்காமுன் சாபம் பற்றியும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லறையைத் தேடப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923இல் கொசுக்கடிப் புண் புரையோடி இறந்தார். கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். அவ்வளவுதான்.

பெண்களுக்குச் சொத்துரிமை இருந்துச்சாமே?

இருந்தது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், மணவிலக்குப் பெறலாம். மேலே சொன்ன அதே தெய்ர் எல்-மெதினாவில் நௌனக்தே என்ற கிழவி, ஐந்தாம் ராம்செஸ் காலத்தில், ஊர் மன்றத்தின் முன் உயில் எழுதினாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், வயதான காலத்தில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கே என் சொத்து, கொடுக்காதவர்களுக்கு இல்லை என்று பேர் சொல்லி நீக்கியிருக்கிறாள். அதே சமயம் எழுத்தர் வேலையும் பெரிய நிர்வாகப் பதவிகளும் ஏறக்குறைய முழுக்க ஆண்களிடம்தான். ஹட்செப்சுட் என்ற பெண் பாரோவாகவே ஆண்டார், ஆனால் சிலைகளில் ஒட்டுத்தாடியோடுதான் பெரும்பாலும் நிற்கிறார்.

ரா-ரவி, ஆமுன்-அம்மன் என்று ஒத்துப் போகுதே, நம்ம ஆளுங்கதானே அவங்க?

ரா என்பவர் எகிப்தியரின் சூரியக் கடவுள். ஆனால் ஓசை ஒத்துப்போவதை வைத்து உறவு கட்டினால் எந்த இரண்டு மொழிக்கும் கட்டலாம். உற்சவர் புறப்பாடு பற்றிச் சொன்னதும் அப்படித்தான்: ஒற்றுமை உண்டு, உறவுக்கு ஆதாரம் இல்லை.

உண்மையான தொடர்பு மிளகில் இருக்கிறது. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மி மூக்கில் மிளகு இருந்தது. மிளகு விளைந்தது தென்னிந்தியாவில்தான். எத்தனை கை மாறிப் போனதோ. ரோமர் காலத்தில் நேரடிக் கப்பலே ஓடியது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு சாடியோடு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. நம்மவர்கள் வியாபாரத்துக்குப் போனார்கள், அதுவே பெருமைதான்.

அகெனாதென்தான் உலகத்தின் முதல் ஏகதெய்வ பக்தனா?

கி.மு. 1353 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர், ஆதென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கி, அமர்னாவில் புதுத் தலைநகர் கட்டி, ஆமுன் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி எடுக்கச் சொன்னார். துணிச்சல்தான். ஆனால் ஆதெனை நேரடியாக வணங்கியது அவரும் அவர் ராணி நெஃபர்திதியும்தான்; மற்றவர்கள் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதே நகரில் சாதாரண வீடுகளில் பெஸ், தவேரெத் தாயத்துகள் கிடைக்கின்றன. அங்கே எளியோர் இடுகாட்டு எலும்புகளில் ஊட்டக்குறைவும் கடும் உழைப்பும் இளவயதுச் சாவும் தெரிகின்றன. சுவர்ச் சித்திரங்களில் அடுக்கடுக்காகப் படையல்; மேலே சொன்ன பங்கீடு இவர்கள் வரை வரவில்லை என்றுதான் படுகிறது. மோசேக்கு இவரே குரு என்பதற்கு ஆதாரம் இல்லை. அகெனாதென் இறந்ததும் துட்டன்காமுன் காலத்திலேயே ஆமுன் திரும்பி வந்துவிட்டார்.

மூவாயிரம் வருஷம் இருந்த மதம் எப்படிக் காணாமப் போச்சு?

கிறிஸ்தவம் வந்து ஒரே நாளில் துடைத்துப்போடவில்லை. அதற்கு முன்பே வேரில் கை வைத்தவர்கள் ரோமர்கள். கிளியோபாட்ராவுக்குப் பிறகு கோயில் நிலங்களை அகஸ்டஸ் அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பூசாரிகள் அரசு தரும் மானியத்தை எதிர்பார்க்க வேண்டியதானது. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசுக்கே பண நெருக்கடி வந்தபோது கோயில் திருப்பணி நின்றுபோனது. களஞ்சியம் காலியானால் திருவிழா எங்கே நடக்கும்? மீதியை நான்காம் நூற்றாண்டுத் தடைச் சட்டங்கள் பார்த்துக்கொண்டன.

தெற்கு எல்லையில் ஃபிலே தீவின் ஐசிஸ் தேவி கோயில் மட்டும் தாக்குப்பிடித்தது. கடைசிப் பட எழுத்துக் கல்வெட்டு அங்கேதான், கி.பி. 394 ஆகஸ்ட் 24. எல்லைக்கு அப்பாலிருந்த பிளெம்மியர்கள் ஐசிஸை வணங்கியவர்கள். அவர்களோடு சண்டை வேண்டாம் என்று ரோம் அந்தக் கோயிலை விட்டுவைத்திருந்தது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் அதையும் மூடி, சிலைகளைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு அனுப்பவைத்தார்.